இசையைக் கேட்கும் விளக்குகள்



கோயில் திருவிழாக்களில் பெரிய பெரிய விளக்குப் பந்தல்களைப் பார்த்திருப்பீர்கள். மயில் தோகை விரிக்கும். வேல் மேலும் கீழும் மின்னும். தாமரையின் இதழ்கள் ஒவ்வொன்றாகச் சிவக்கும். நான் பள்ளியில் படித்த நாட்களில் எங்கள் ஊர்த் திருவிழாவில் அத்தகைய பந்தல் ஒன்றின் பின்புறம் சென்று எட்டிப் பார்த்தேன். அங்கே ஒரு மர உருளை சுழன்றுகொண்டிருந்தது. அதன்மேல் செப்புத் தகடுகளைக் கோடுகோடாக ஒட்டியிருந்தார்கள். உருளை சுழலச் சுழலத் தகடுகள் வரிசையாக நின்ற கம்பிகளைத் தொட்டும் விலகியும் சென்றன. தொட்டபோது ஒரு வரிசை விளக்குகள் எரிந்தன, விலகியபோது அணைந்தன. மயிலின் நடனம் முழுவதும் அந்த உருளையில் எழுதப்பட்டிருந்தது!

அதே வேளையில் பந்தலுக்கு முன்னால் நாகசுரக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. தவில்காரர் வேகம் கூட்டினார்; மயில் தன் போக்கில் ஆடியது. கச்சேரி முடிந்து எல்லாரும் எழுந்து போனார்கள். மயில் அப்போதும் ஆடியது. பாவம், அதற்குக் காது இல்லை. 'விளக்குக்குக் காது வைக்க முடியுமா?' என்ற கேள்வி அன்றைக்கு என் மனத்தில் விழுந்தது.

முடியும். நவராத்திரிக் கொலுவுக்கோ, கிறிஸ்துமஸ் குடிலுக்கோ, பொங்கல் விழாவுக்கோ நீங்களே செய்து வைக்கக்கூடிய அத்தகைய விளக்குத் தொடர் ஒன்றை இக்கட்டுரையில் காண்போம். அதோடு, அதே விளக்கைத் தவறாகச் செய்து நான் கற்றுக்கொண்ட பாடத்தையும் சொல்லப் போகிறேன். அந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து தாண்டிச் செல்லாதீர்கள்.

இரண்டு வழிகள்

விளக்கை இசையோடு இணைக்க இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, மர உருளையின் வழியே. எந்த நொடியில் எந்த விளக்கு எரிய வேண்டும் என்று ஒரு கால அட்டவணையை முன்கூட்டியே எழுதிவிடுவது. இன்று உருளைக்குப் பதிலாகக் கணிப்பொறி இருக்கிறது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் மேசன் என்னும் ஊரில் வாழ்ந்த கார்சன் வில்லியம்ஸ் என்ற மின்பொறியாளர், 2004ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்குத் தம் வீட்டையும் தோட்டத்தையும் ஏறத்தாழ 16,000 சிறு விளக்குகளால் அலங்கரித்தார். அவற்றை 88 தனித்தனிப் பிரிவுகளாகப் பிரித்து, ஒரு பாடலின் ஒவ்வோர் அடிக்கும் எந்தப் பிரிவு எரிய வேண்டும் என்று கணிப்பொறியில் எழுதி வைத்தார். 2005ஆம் ஆண்டு அதன் ஒளிப்படக் காட்சி இணையத்தில் பரவி உலகமெங்கும் புகழ் பெற்றது.

அவர் ஒலிபெருக்கி கட்டி அண்டை வீட்டாரின் தூக்கத்தைக் கெடுக்கவில்லை. மிகச் சிறிய பண்பலை ஒலிபரப்பி ஒன்றை வைத்தார். தெருவில் கார்களில் வந்தவர்கள் தங்கள் வானொலியைத் திருகிப் பாட்டைக் கேட்டார்கள். இதில் ஓர் இயற்பியல் நன்மையும் உண்டு. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. வீட்டில் ஒலிபெருக்கி இருந்தால், 50 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஒளி உடனே தெரியும், ஒலியோ 0.15 நொடி பிந்தி வரும். விரைவான தாளத்தில் அது நன்றாகவே உறுத்தும். வானொலி அலை ஒளியின் வேகத்தில் செல்வதால் காரில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே கிடைக்கின்றன.

இந்த வழியில் விளக்குகள் அழகாக ஆடும். ஆனால் அவற்றுக்கு இன்னும் காது இல்லை. பாட்டை மாற்றினால் அட்டவணையையும் புதிதாக எழுத வேண்டும்.

இரண்டாவது வழிதான் நம் வழி. விளக்கே இசையைக் கேட்டு, கேட்டதற்கு ஏற்ப எரிவது. நீங்கள் எதைப் பாடினாலும் அது ஆடும். பாட்டு நின்றால் அணையும்.

இசையைப் பிரிப்பது எப்படி?

கச்சேரியில் பல ஒலிகள் ஒன்றாகக் கலந்து வருகின்றன. மிருதங்கத்தின் தொப்பியில் எழும் ஒலி தாழ்ந்தது. அதன் அதிர்வெண் பெரும்பாலும் சில பத்துகளிலிருந்து இருநூறு, முந்நூறு ஹெர்ட்ஸ் வரை. ஜால்ராவின் 'கிணுங்'கில் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் அதிர்வுகள் நிறைய உண்டு. இவை எல்லாம் ஒலிவாங்கியில் விழுந்து ஒரே மின்குறிப்பாக, ஒரே கம்பியில் வருகின்றன. அதிலிருந்து மிருதங்கத்தை ஒரு விளக்குக்கும் ஜால்ராவை இன்னொரு விளக்குக்கும் அனுப்ப வேண்டும். யார் பிரித்துத் தருவார்?

மின்தேக்கி பிரித்துத் தரும். மின்தேக்கி நேர்மின்னோட்டத்தைத் தடுக்கும். மாறுதிசை மின்னோட்டத்தை விடும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். எல்லா அதிர்வெண்களையும் அது ஒரே அளவில் விடுவதில்லை என்பதே இங்கு நமக்கு வேண்டிய செய்தி. மின்தேக்கியின் மின்மறுப்பு இதுதான்:

மின்மறுப்பு = 1 ÷ (6.28 × அதிர்வெண் × மின்தேக்குத் திறன்)

0.01 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அதன் மின்மறுப்பு ஏறத்தாழ 1,59,000 ஓம். 5,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ ஏறத்தாழ 3,180 ஓம்தான். அதாவது, மிருதங்கம் வந்தால் கதவைச் சாத்துகிறது. ஜால்ரா வந்தால் திறக்கிறது. குறிப்பு செல்லும் வழியின் குறுக்கே அதை வைத்தால் உயர்ந்த ஒலி மட்டும் தாண்டிச் செல்லும். வழியிலிருந்து எதிர்முனைக்கு இறக்கி வைத்தால், உயர்ந்த ஒலி அதன் வழியே வடிந்துபோய்த் தாழ்ந்த ஒலி மட்டும் மேலே செல்லும். வைக்கும் இடத்தை மாற்றினால் வேலையும் மாறுகிறது.

நான் செய்த தவறு

இப்போது அந்தப் பாடத்துக்கு வருவோம்.

கல்லூரியில் படித்தபோது விடுதி விழாவுக்கு 'இசை விளக்கு' செய்ய நானும் ஒரு நண்பனும் முனைந்தோம். 230 வோல்ட்டில் எரியும் சீரியல் செட்தான் அன்று எங்களுக்குக் கிடைத்த விளக்கு. ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பிகளிலிருந்து குறிப்பை எடுத்து, எஸ்.சி.ஆர். என்னும் குறைகடத்திச் சாவியின் வாயிலுக்குக் கொடுத்தால், அது சீரியல் செட்டை எரிக்கும். ஒரு புத்தகத்தில் மின்சுற்றுப் படம் இருந்தது. அதில் ஒலிபெருக்கிக் கம்பிக்கும் எஸ்.சி.ஆருக்கும் நடுவே ஒரு சிறு மின்மாற்றி வரையப்பட்டிருந்தது.

"ஒலிக்குறிப்பைப் பெரிதாக்கத்தான் அந்த மின்மாற்றி. நம் பெருக்கியே பலமாக இருக்கிறதே, அது எதற்கு?" என்றேன். நண்பனும் தலையாட்டினான். மின்மாற்றியை விட்டுவிட்டு நேராகக் கம்பியை இணைத்தோம். ஒத்திகையில் விளக்குகள் அற்புதமாக ஆடின. ஒன்றுமே ஆகவில்லை.

விழா அன்று மாலை மழை தூறி மேடையெல்லாம் ஈரம். நண்பன் வெறுங்காலோடு வந்து ஒலிவாங்கியைப் பிடித்துப் பாட வாயெடுத்தான். ஒரு சத்தம், கீழே விழுந்தான். ஒலிவாங்கி மட்டும் அவன் கையைவிட்டு விழவில்லை. ஓடிப்போய் அவனைப் பிடித்து இழுக்கப் போன என்னை மைக்செட்காரர் உதறித் தள்ளிவிட்டு, முதலில் மெயின் சுவிட்சை அணைத்தார். அவர் ஒரு விநாடி தாமதித்திருந்தால் இரண்டு பேர் விழுந்திருப்போம். நண்பன் பிழைத்தான். அவன் உள்ளங்கையில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

என்ன நடந்தது? எஸ்.சி.ஆரின் ஒரு முனை, வீட்டு மின்சாரத்தின் இரு கம்பிகளில் ஒன்றோடு நேராக இணைந்திருக்கும். நாங்கள் மின்மாற்றியை நீக்கியதால் அதே முனை ஒலிபெருக்கிக் கம்பியோடும், அதன் வழியாகப் பெருக்கியின் உலோக உடலோடும், கடைசியில் ஒலிவாங்கியின் உடலோடும் இணைந்துவிட்டது. எங்கள் சீரியல் செட்டின் பிளக்கில் இரண்டே பின்கள். ஒத்திகையின்போது அதைச் செருகிய விதத்தில் நியூட்ரல் கம்பி ஒலிவாங்கியோடு சேர்ந்தது, ஆகவே தப்பித்தோம். விழா அன்று பிளக்கைத் திருப்பிச் செருகிவிட்டேன். உயிர்க்கம்பி அவன் கைக்கு வந்துவிட்டது.

அந்தச் சிறு மின்மாற்றி ஒலியைப் பெரிதாக்க மட்டும் வைக்கப்பட்டதன்று. அதன் இரு சுருள்களுக்கும் இடையே கம்பித் தொடர்பே கிடையாது. காந்தப் புலத்தின் வழியாக இசைக்குறிப்பு மட்டும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவும். 230 வோல்ட் திரும்பி வர வழியில்லை. அதற்காகவே அங்கே இருந்தது. வேலை செய்கிறது என்பது வேறு; பாதுகாப்பாக இருக்கிறது என்பது வேறு. ஒத்திகை எங்களுக்கு முதலாவதைத்தான் காட்டியது.

சிறு கணக்கு ஒன்று போடுவோம். ஈரத்தோடு இருக்கும் உடலின் மின்தடை 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் பாயும் மின்னோட்டம் 230 மில்லிஆம்பியர். பத்து, இருபது மில்லிஆம்பியரிலேயே தசைகள் இறுகிப் பிடித்ததை விட முடியாமல் போகும். வீடுகளில் பொருத்தும் மின்கசிவுக் காப்புச் சாவி 30 மில்லிஆம்பியரில் மின்சாரத்தைத் துண்டிக்கும்படி அமைக்கப்படுவது இதனால்தான்.

'சீரியல் செட்டில் இருப்பது 6 வோல்ட் பல்புதானே, அது என்ன செய்யும்?' என்று சிலர் கேட்பதுண்டு. 6 வோல்ட் பல்புகள் ஏறத்தாழ 38 தொடராக இணைந்து 230 வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மின்னோட்டம் பாயும்வரைதான் இந்தப் பங்கீடு. ஒரு பல்பைக் கழற்றியவுடன் மின்னோட்டம் நின்றுவிடும். மற்றப் பல்புகளில் மின்னழுத்த வீழ்ச்சி இராது. அப்போது கழற்றிய இடத்தின் இரு முனைகளுக்கும் நடுவே முழு 230 வோல்ட்டும் வந்து நிற்கும்! உங்கள் விரல் போவதும் அந்த இடத்துக்குத்தானே? எரியாத பல்பைத் தேடுமுன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

நாம் செய்யப்போகும் விளக்கு

ஆகவே நம் விளக்குக்கு இரண்டு விதிகள். ஒன்று: வீட்டு மின்சாரம் வேண்டாம், நான்கு பென்சில் பேட்டரிகள், அதாவது 6 வோல்ட் போதும். இரண்டு: பாட்டுப் பெட்டிக்கும் விளக்குக்கும் நடுவே ஒரு கம்பிகூட வேண்டாம். இசை எப்படிப் போகும் என்கிறீர்களா? நம் காதுக்கு எப்படி வருகிறதோ அப்படி, காற்றின் வழியாகவே போகும். என் கல்லூரி நாட்களில் மின்மாற்றி செய்திருக்க வேண்டிய வேலையை இங்கே ஒரு சாண் காற்று செய்துவிடுகிறது.

தேவையான பொருட்கள் (ஒரு விளக்குக்கு):

கண்டென்சர் மைக் – 1
பி.சி. 547 டிரான்சிஸ்டர் – 2
மின்தடைகள்: 4.7 கிலோஓம் – 1, 1 மெகாஓம் – 1, 1 கிலோஓம் – 1, 150 ஓம் – 5
10 கிலோஓம் பிரீசெட் – 1
0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி – 1 (இதன்மேல் 104 என்று அச்சிட்டிருக்கும்)
சிவப்பு எல்.இ.டி. – 10
பென்சில் பேட்டரி 4, அதற்கான பெட்டி, சிறிய சுவிட்ச், பிரெட்போர்டு, இணைப்புக் கம்பிகள்

டிரான்சிஸ்டரின் தட்டையான முகம் உங்களைப் பார்க்கும்படி, கால்கள் கீழே இருக்கும்படி பிடியுங்கள். இடமிருந்து வலமாக ஏற்பான், அடிவாய், உமிழ்ப்பான் என்ற வரிசையில் கால்கள் அமைந்திருக்கும். மைக்கின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். இரு முனைகளில் ஒன்று அதன் உலோகக் கூட்டோடு சேர்ந்திருக்கும். அதுவே எதிர்முனை.

இனி இணைப்புகள். ஒவ்வொன்றையும் முடித்ததும் பென்சிலால் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள்.

1. மைக்கின் எதிர்முனையைப் பேட்டரியின் எதிர்முனையோடு இணைக்கவும். மைக்கின் நேர்முனையை 4.7 கிலோஓம் வழியாகப் பேட்டரியின் நேர்முனைக்குக் கொண்டுசெல்லவும்.

2. மைக்கின் நேர்முனையிலிருந்து 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வழியாக முதல் டிரான்சிஸ்டரின் அடிவாய்க்கு இணைக்கவும். அதே அடிவாயிலிருந்து 1 மெகாஓம் வழியாக நேர்முனைக்கு இணைக்கவும்.

3. முதல் டிரான்சிஸ்டரின் உமிழ்ப்பான் எதிர்முனைக்கு. அதன் ஏற்பானிலிருந்து 1 கிலோஓம், பிரீசெட் இரண்டையும் தொடராக இணைத்து நேர்முனைக்குக் கொண்டுசெல்லவும். பிரீசெட்டில் நடுக்காலையும் ஓரக்கால்களில் ஒன்றையும் மட்டும் பயன்படுத்தினால் போதும்.

4. முதல் டிரான்சிஸ்டரின் ஏற்பானை நேரே இரண்டாவது டிரான்சிஸ்டரின் அடிவாயோடு இணைக்கவும். இரண்டாவதின் உமிழ்ப்பான் எதிர்முனைக்கு.

5. இரண்டு எல்.இ.டி.க்களும் ஒரு 150 ஓம் மின்தடையும் தொடராகச் சேர்ந்தது ஒரு கிளை. இப்படி ஐந்து கிளைகள் செய்து, ஐந்தையும் பக்க இணைப்பில், நேர்முனைக்கும் இரண்டாவது டிரான்சிஸ்டரின் ஏற்பானுக்கும் நடுவே இணைக்கவும். எல்.இ.டி.யின் நீளமான கால் நேர்முனைப் பக்கம் இருக்க வேண்டும்.

150 ஓம் என்று எப்படிச் சொன்னோம்? சிவப்பு எல்.இ.டி. எரிய ஏறத்தாழ 2 வோல்ட் வேண்டும். இரண்டுக்கு 4 வோல்ட். பேட்டரியின் 6 வோல்ட்டில் மீதம் 2 வோல்ட். 2 ÷ 150 என்பது ஏறத்தாழ 13 மில்லிஆம்பியர். ஐந்து கிளைகளுக்கும் சேர்த்து 65 மில்லிஆம்பியர் அளவில் வரும். பி.சி. 547 தாங்கும் உச்ச அளவு 100 மில்லிஆம்பியர். ஆசையினால் இன்னும் பத்து விளக்குகளைச் சேர்த்தால் டிரான்சிஸ்டர் கருகிவிடும். நீலம், வெள்ளை எல்.இ.டி.க்களுக்கு ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். ஆகவே அவற்றைக் கிளைக்கு ஒன்றாக வைத்து 220 ஓம் இணையுங்கள்.

எப்படி வேலை செய்கிறது?

அமைதியான நேரத்தில் 1 மெகாஓம் வழியாக முதல் டிரான்சிஸ்டரின் அடிவாய்க்குச் சுமார் 5 மைக்ரோஆம்பியர் கிடைக்கிறது. அந்தச் சிறு ஓட்டம் அதைத் திறந்து வைக்கப் போதும். பிரீசெட் வழியே வரும் மின்னோட்டம் முழுவதும் திறந்திருக்கும் அதன் வழியே இறங்கிவிடுகிறது. இரண்டாவது டிரான்சிஸ்டருக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை, விளக்குகள் அணைந்திருக்கின்றன. வாய்க்காலில் முதல் மடையே தண்ணீர் முழுவதையும் எடுத்துக்கொண்டால் கடைமடை காய்வதுபோலத்தான்.

ஒலி வந்ததும் மைக்கின் மின்னழுத்தம் ஏறியும் இறங்கியும் அதிர்கிறது. இறங்கும் ஒவ்வொரு தடவையும் முதல் மடை கணநேரம் மூடிக்கொள்கிறது. உடனே தண்ணீர் கடைமடைக்குப் பாய்கிறது. இரண்டாவது டிரான்சிஸ்டர் திறந்து விளக்குகளை எரிக்கிறது.

இதற்கு வேண்டிய ஒரே நுட்பம், பிரீசெட்டைச் சரியாக வைப்பதுதான். அறையில் அமைதி நிலவும்போது சிறு திருப்புளியால் அதைத் திருகுங்கள். ஒரு பக்கம் விளக்குகள் எரிந்தே இருக்கும். மறுபக்கம் அணைந்தே இருக்கும். எரிவதிலிருந்து சற்றே அணையும் எல்லையில் நிறுத்துங்கள். இப்போது மைக்கின் அருகில் கைதட்டுங்கள். விளக்கு துள்ளினால் உங்கள் விளக்குக்குக் காது வந்துவிட்டது! மைக்கைப் பாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு சாண் தூரத்திலோ அதற்கும் அருகிலோ வையுங்கள். துள்ளாவிட்டால் டிரான்சிஸ்டர்களின் கால்களையும் மைக்கின் முனைகளையும் மறுபடி சரிபாருங்கள். பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கும்.

மிருதங்கத்துக்கு ஒன்று, ஜால்ராவுக்கு ஒன்று

இந்த விளக்கு எல்லா ஒலிக்கும் எரியும். இதுபோல் இன்னொன்றும் செய்து, இரண்டிலும் மின்தேக்கியை மட்டும் மாற்றுங்கள். பேட்டரி இரண்டுக்கும் பொதுவாக இருக்கலாம்.

ஜால்ரா விளக்கு: 0.1க்குப் பதிலாக 0.01 மைக்ரோஃபாரட் (103 என்று அச்சிட்டிருக்கும்). சுமார் 1,700 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளே இதில் நன்றாகச் செல்லும். கீழே செல்லச் செல்ல ஒலி தேய்ந்துவிடும்.

மிருதங்க விளக்கு: 0.1க்குப் பதிலாக 1 மைக்ரோஃபாரட். இதன் நேர்முனை மைக்கின் பக்கம் இருக்கட்டும். அதோடு மைக்கின் இரு முனைகளுக்கும் குறுக்கே 0.22 மைக்ரோஃபாரட் (224) ஒன்றை இணையுங்கள். சுமார் 300 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகள் அதில் வடிந்துவிடும்.

வடிகட்டி கத்தி வெட்டியதுபோல் பிரிக்காது. கோட்டின் இருபுறமும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். ஆயினும் கொலுவின் கீழ்ப்படியில் மிருதங்க விளக்கையும் மேற்படியில் ஜால்ரா விளக்கையும் வைத்து ஒரு கச்சேரி ஒலிப்பதிவைப் போட்டுப் பாருங்கள். வீட்டில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக வந்து நிற்பதைக் காண்பீர்கள்.

கண்ணின் பங்கு

மேலே சொன்னதில் உங்களுக்கு ஒரு சந்தேகம் எழுந்திருக்க வேண்டும். 100 ஹெர்ட்ஸ் ஒலி வந்தால் விளக்கு நொடிக்கு 100 தடவை எரிந்து அணைகிறது. ஆனால் நம் கண்ணுக்கு அது தொடர்ந்து எரிவதாக அல்லவா தெரிகிறது?

கண் மெதுவானது. நொடிக்கு ஐம்பது, அறுபது தடவைக்கு மேல் மினுக்கினால் அது ஒன்றாகக் கலந்துவிடும். ஆகவே இசையின் ஒவ்வோர் அதிர்வையும் நாம் பார்ப்பதில்லை. அதன் ஏற்ற இறக்கத்தை மட்டுமே பார்க்கிறோம். பழைய இழைப் பல்பில் இழையே சூடாகி ஆற நேரம் எடுத்துக்கொண்டதால் மினுக்கல் பல்பிலேயே மழுங்கிவிட்டது. எல்.இ.டி.யோ ஒவ்வோர் அதிர்வையும் உள்ளபடியே காட்டுகிறது. அதைப் பார்க்க ஒரு வழி உண்டு.

ஒரு கிளையின் எல்.இ.டி.யை ஒரு முழ நீளமுள்ள மெல்லிய கம்பிகளில் கட்டிக்கொள்ளுங்கள். அறையை இருட்டாக்குங்கள். ஒருவர் மைக்கின் அருகில் 'ஆ' என்று ஒரே சுருதியில் பாடட்டும். நீங்கள் எல்.இ.டி.யைப் பிடித்து வேகமாகக் குறுக்கே வீசுங்கள். தொடர்ந்த கோடு தெரியாது. துண்டு துண்டாக ஒளிக்கீற்றுகள் தெரியும்! கால் நொடியில் ஒரு மீட்டர் வீசினீர்கள் என்று கொள்வோம். பாடியவரின் சுருதி 100 ஹெர்ட்ஸ் என்றால் 25 கீற்றுகள் 4 சென்டிமீட்டர் இடைவெளியில் விழும். சுருதியை ஏற்றினால் கீற்றுகள் நெருங்கும். காதால் மட்டுமே அறிந்த சுருதியைக் கண்ணால் எண்ணிவிடலாம்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. வீசும் வேகம் மாறாமல், கீற்றுகளின் இடைவெளி சரிபாதியாகக் குறைந்தால், பாடியவர் 'ச'விலிருந்து எந்தச் சுரத்துக்கு ஏறியிருக்கிறார்? செய்து பார்த்து விடை காணுங்கள்.

இறுதியாக ஒரு சொல். இந்த விளக்கு ஆடுவதைப் பார்த்ததும், 'இதையே வீட்டு மின்சாரத்தில் பெரிதாகச் செய்தால் என்ன?' என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்த எண்ணம் வரும்போது, ஈரமேடையில் விழுந்த என் நண்பனை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். மின்சுற்றுப் படத்தில் ஓர் உறுப்பு எதற்காக இருக்கிறது என்று தெரியாதவரை, அதை எடுத்துவிட நமக்கு உரிமை இல்லை. கொலுவுக்குப் பேட்டரி விளக்கே போதும். அதன் இசைக்கும் குறைவில்லை, அழகுக்கும் குறைவில்லை.